பழைய சிஸ்கோ பெட்டிகளை வைத்து வீட்டிலேயே சிசிஎன்ஏ: வாங்குவதிலிருந்து தேர்வு அறை வரை

வேலை முடிந்து வீடு திரும்பிய பிறகு கிடைக்கும் மாலை நேரத்தில், சிஸ்கோ நிறுவனத்தின் வலையமைப்புச் சான்றிதழான சிசிஎன்ஏ தேர்வுக்குப் படித்தவன் நான். என் முதல் இரண்டு மாதம் படிப்பில் போகவில்லை. தேவையில்லாத பெட்டிகளை வாங்கியதிலும், வேலை செய்யாததைத் திருப்பிக் கொடுக்க அலைந்ததிலும், கடவுச்சொல் தெரியாத ரூட்டர் முன் உட்கார்ந்திருந்ததிலும் போனது. இப்போது தொடங்குகிற உங்களுக்கு அந்த இரண்டு மாதம் மிச்சமாகட்டும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மூன்று பெட்டி போதும்: இரண்டு சுவிட்ச் (ஒரே வலையமைப்புக்குள் கணினிகளை இணைப்பது), ஒரு ரூட்டர் (வெவ்வேறு வலையமைப்புகளை இணைப்பது). அலமாரி நிறைய அடுக்கி வைத்த படங்களைப் பார்த்து மனம் ஏங்கும். அதற்குக் காசு போடாதீர்கள். கேபிள், விளக்கு, கன்சோல் (கேபிள் போட்டுப் பெட்டிக்கு நேரடியாகக் கட்டளை கொடுக்கும் வாசல்), பழுது ஆகியவற்றைப் பெட்டியில் கற்றுக்கொள்ளுங்கள். மற்றதை இலவச மென்பொருளில் செய்யலாம்.

1. முதலில் பாடத்திட்டம், அப்புறம் கடை

தேர்வின் எண் 200-301. 2024 ஆகஸ்ட் 20 முதல் அதன் 1.1 பதிப்பு நடப்பில் இருக்கிறது. பாடத்திட்டத்தை சிஸ்கோ தளத்திலிருந்து இறக்கி, அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். மதிப்பெண் பங்கீடு இப்படி: வலையமைப்பு அடிப்படை 20 சதவீதம், சுவிட்ச் சார்ந்த பகுதி 20, ரூட்டிங் 25, முகவரி தரும் டிஎச்சிபி, நேரம் தரும் என்டிபி போன்ற சேவைகள் 10, பாதுகாப்பு 15, ஆட்டோமேஷன் 10.

கடைக்குப் போகும் முன் இதைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஃப்ரேம் ரிலே, பிபிபி, ரிப், ஈஐஜிஆர்பி ஆகிய இணைப்பு, ரூட்டிங் முறைகளை உள்ளமைக்கும் பயிற்சி இந்தத் தேர்வில் கிடையாது. ஆனால் 'சிசிஎன்ஏ கிட்' என்று பழைய சந்தையில் கட்டி விற்பதில் பாதி எடை சீரியல் கார்டும் தடித்த சீரியல் கேபிள்களும்தான். அவை பழைய பாடத்திட்டத்துக்கானவை. நான் இரண்டு சீரியல் கார்டும் ஒரு ஜோடி கேபிளும் வாங்கினேன், ஒருமுறைகூடச் செருகவில்லை.

2. எதை வாங்கலாம், எதைத் தொடக் கூடாது

சுவிட்ச்: கேட்டலிஸ்ட் 2960. மாடல் எண்ணின் கடைசி எழுத்தைக் கட்டாயம் பாருங்கள். 'எல்' என்று முடிந்தால் லேன் பேஸ், 'எஸ்' என்று முடிந்தால் லேன் லைட். லேன் லைட்டில் வசதிகளைக் குறைத்திருப்பார்கள், அது வேண்டாம். 24 போர்ட் உள்ள 24டிடி-எல் எளிதாகக் கிடைக்கும். வீட்டில் குழந்தை தூங்கும் அறைதான் உங்கள் படிப்பறையும் என்றால் 8டிசி-எல் தேடுங்கள். அதில் மின்விசிறியே இல்லை, சத்தமும் இல்லை. எட்டு போர்ட் படிப்புக்குத் தாராளம்.

2950 மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள். பெரும்பாலானவற்றில் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழையும் முறை) வராது, எல்எல்டிபி (பக்கத்துச் சாதனத்தை அடையாளம் காணும் முறை) கிடையாது. இரண்டுமே பாடத்திட்டத்தில் உள்ளவை.

3560 கிடைத்தால் நல்லது, அது லேயர் 3 சுவிட்ச், அதாவது ரூட்டிங்கும் செய்யும். ஒரு சின்ன வேறுபாடு மட்டும் நினைவிருக்கட்டும். 3560-இல் டிரங்க் (பல விலான்களை, அதாவது சுவிட்சுக்குள் பிரித்த தனி வலையமைப்புகளை, ஒரே கேபிளில் கடத்தும் இணைப்பு) போடும் முன் டாட்1க்யூ உறையைத் தேர்ந்தெடுக்கும் கட்டளையைக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் டிரங்க் மோடை ஏற்காது. 2960-இல் அந்தக் கட்டளையே கிடையாது. ஒரே பாடத்தை இரண்டு பெட்டியிலும் செய்து பார்க்கிறவர்கள் இங்கேதான் அரைமணி நேரம் தொலைப்பார்கள்.

ரூட்டர்: 1841 போதும். இரண்டு ஃபாஸ்ட் ஈதர்நெட் போர்ட் இருக்கும். கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் 1941, அதில் இரண்டும் கிகாபிட். 2811 நல்ல பெட்டிதான், ஆனால் அதன் மின்விசிறிச் சத்தம் அடுத்த அறை வரை கேட்கும். 2600 வரிசையைத் தொடாதீர்கள்.

3. கடைக்குப் போகும்போது

சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெரு. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை மாலை நெரிசலில் எந்தக் கடையிலும் நின்று சோதிக்க விடமாட்டார்கள். வேலைநாளில் காலை பதினோரு மணி வாக்கில் போனால் கடைக்காரருக்கும் பொறுமை இருக்கும், உங்களுக்கும் மேசையில் ஓரத்து இடம் கிடைக்கும்.

கையில் இருக்க வேண்டியவை: மடிக்கணினி, அதில் கட்டளை அடிக்கப் புட்டி மென்பொருள், யூஎஸ்பி கன்சோல் கேபிள், ஒரு நெட்வொர்க் கேபிள். கன்சோல் கேபிளை முதலில் வாங்கி வீட்டில் டிரைவர் போட்டுச் சரிபார்த்துக்கொண்டு போங்கள். எஃப்டிடிஐ சிப் உள்ளதாகப் பார்த்து எடுங்கள். போலி சிப் போட்ட மலிவுக் கேபிள்கள் விண்டோஸில் டிரைவர் பிழை காட்டி நின்றுவிடும். சிலவற்றில் பிரேக் சமிக்ஞை போகாது, கடவுச்சொல் நீக்கும்போது அது இல்லாமல் முடியாது. புட்டி அமைப்பு: வேகம் 9600, டேட்டா பிட் 8, பாரிட்டி இல்லை, ஸ்டாப் பிட் 1, ஃப்ளோ கன்ட்ரோல் இல்லை.

நான் முதல் ரூட்டர் வாங்கிய கடையில், "தம்பி, பவர் போட்டா லைட் எரியுது பாருங்க, அப்புறம் என்ன?" என்றார் கடைக்காரர். விளக்கு எரிவதை நம்பி எடுத்து வந்தேன். வீட்டில் கன்சோல் போட்டால் ஐஓஎஸ் (பெட்டியை இயக்கும் சிஸ்கோ மென்பொருள்) இருக்கும் ஃப்ளாஷ் கார்டையே காணோம். ஐஓஎஸ் ஏறாதபோது வரும் ராம்மான் நிலையில் பெட்டி நின்றது. அடுத்த கடையில் பேச்சை மாற்றிக்கொண்டேன்: "அண்ணே, பத்து நிமிஷம் கன்சோல் போட்டுப் பார்த்துட்டு எடுத்துக்கிறேன்." மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

அந்தப் பத்து நிமிடத்தில் பார்க்க வேண்டியவை இவை. பெட்டி முழுதாக பூட் ஆகிறதா? 'ஷோ வெர்ஷன்' அடித்தால் வரும் ஐஓஎஸ் கோப்பின் பெயரில் 'கே9' இருக்கிறதா? இருந்தால்தான் எஸ்எஸ்எச் உண்டு. ரூட்டரில் 'ஐபிவி6 யூனிகாஸ்ட்-ரூட்டிங்' என்ற கட்டளையை ஏற்கிறதா? சுவிட்சில் கேபிளை ஒவ்வொரு போர்ட்டாகச் செருகினால் விளக்கு வருகிறதா? மின்விசிறி சுற்றுகிறதா? கடவுச்சொல் கேட்டு உள்ளே விடவில்லை என்றால், பூட் ஆகும்போது ஓடும் வரிகளிலேயே கோப்பின் பெயரைப் பார்த்துவிடலாம். அதற்காக ஒதுக்கிவிடாமல், விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. "ஐஓஎஸ் அப்டேட் பண்ணிக்கலாம் சார்" என்பார்கள். சிஸ்கோ தளத்தில் இந்த மென்பொருளை இறக்க சேவை ஒப்பந்தம் வேண்டும், தனியாள் கையில் அது இருக்காது. எந்த ஐஓஎஸ் பெட்டியில் இருக்கிறதோ, அதுதான் உங்களுக்குக் கடைசி வரை. சரியான ஐஓஎஸ் உள்ளதையே வாங்குங்கள்.

பில் கேட்டு வாங்குங்கள். பில்லில் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் எழுதச் சொல்லுங்கள். டெஸ்டிங் வாரண்டி எத்தனை நாள் என்பதையும் கையெழுத்தோடு எழுதச் சொல்லுங்கள். எழுத்தில் இல்லாத வாரண்டி அடுத்த வாரம் யாருக்கும் நினைவிருக்காது.

4. செலவு

என் கணக்கை அப்படியே தருகிறேன். விலை கடைக்குக் கடை மாறும், ஒரு அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். 2960 இரண்டு 5,600 ரூபாய், 1841 ஒன்று 2,500, கன்சோல் கேபிள் 650, நெட்வொர்க் கேபிள்கள் 350. மொத்தம் 9,100. வீணான சீரியல் கார்டும் ஃப்ளாஷ் இல்லாத ரூட்டரும் இதில் சேராது.

மின்சாரம்: மூன்றும் சேர்ந்து 100 வாட் என்று வைத்தால், தினம் நான்கு மணி நேரத்துக்கு 0.4 யூனிட். இரண்டு மாதத்துக்கு 24 யூனிட். சின்னத் தொகைதான், ஆனால் தமிழ்நாட்டில் இரண்டு மாத அளவு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணப் படியே மாறிவிடும். ஏற்கெனவே 480, 490 என்று வருகிற வீடென்றால் இரவு முழுவதும் பெட்டிகளை ஓடவிடாதீர்கள்.

தேர்வுக் கட்டணம் 300 டாலர், வரி தனி. ரூபாயில் முப்பதாயிரத்தை ஒட்டி வரும். பெட்டிகளைவிட இதுதான் பெரிய செலவு, இதை முதல் மாதத்திலிருந்தே எடுத்து வையுங்கள்.

5. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை: துடைப்பது

பழைய பெட்டிக்குள் யாரோ ஒரு நிறுவனத்தின் அமைப்பு அப்படியே இருக்கும். என் சுவிட்சில் கிளைகளின் பெயர், கடவுச்சொல், எஸ்என்எம்பி (சாதனங்களைக் கண்காணிக்கும் முறை) சொற்கள் எல்லாம் இருந்தன. அதைப் படமெடுக்கவோ யாருக்கும் காட்டவோ வேண்டாம். அழித்துவிடுங்கள்.

சுவிட்சில் செய்யும் முறை: மின்கம்பியைப் பிடுங்குங்கள். முன்பக்கம் இடது ஓரத்தில் உள்ள மோட் பொத்தானை ஒரு கையின் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடி, மறு கையால் பின்னால் கம்பியைச் செருகுங்கள். சுவிட்சைச் சுவரோரம் தள்ளி வைத்திருந்தால் இந்த வேலை ஆகாது, மேசை நடுவில் வையுங்கள். சுவிட்ச் ப்ராம்ப்ட் வந்ததும் விரலை எடுங்கள். 'ஃப்ளாஷ்_இனிட்' கொடுத்து, 'கான்ஃபிக்.டெக்ஸ்ட்' என்ற கோப்பின் பெயரை மாற்றி, 'பூட்' கொடுங்கள். கடவுச்சொல் கேட்காமல் உள்ளே விடும். உள்ளே போனதும் பெயர் மாற்றிய கோப்பையும் 'விலான்.டாட்' கோப்பையும் அழியுங்கள். இந்த இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஸ்டார்ட்அப் கான்ஃபிக்கை அழித்தாலும் பழைய விலான்கள் அப்படியே நிற்பது இதனால்தான்.

ரூட்டரில்: பெட்டியை இயக்கிய முதல் ஒரு நிமிடத்துக்குள் புட்டி மெனுவிலிருந்து பிரேக் அனுப்புங்கள். ராம்மான் ப்ராம்ப்ட் வரும். 'கான்ஃப்ரெக்' கட்டளையில் ஹெக்ஸ் 2142 கொடுத்து, 'ரீசெட்' அடியுங்கள். பழைய அமைப்பைப் படிக்காமல் எழும். ஸ்டார்ட்அப் கான்ஃபிக்கை அழித்தபின் கான்ஃபிக் ரெஜிஸ்டரை மறக்காமல் ஹெக்ஸ் 2102-க்குத் திருப்புங்கள். திருப்பாவிட்டால், நீங்கள் ஒவ்வொரு நாளும் சேமிப்பதை அடுத்த பூட்டில் பெட்டி படிக்காது. "நேத்து சேவ் பண்ணினேனே" என்று தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

கடவுச்சொல் மீட்பைப் பழைய உரிமையாளர் முடக்கி வைத்திருந்தால் பூட் ஆகும்போதே அந்தச் செய்தி வரும். அந்தப் பெட்டியில் வேலை கூடுதல், புதியவர்கள் தவிர்ப்பது நல்லது.

6. துடைக்கும் வரை வீட்டு இணையத்தோடு இணைக்காதீர்கள்

என் ரூட்டரில் பழைய டிஎச்சிபி அமைப்பு ஒன்று மிச்சமிருந்தது. அதை வீட்டு பிராட்பேண்ட் ரூட்டரோடு செருகிய பத்தாவது நிமிடம், கூடத்தில் டிவி நின்றது. அம்மாவின் கைபேசியிலும் இணையம் போனது. வீட்டுச் சாதனங்கள் எல்லாம் என் ரூட்டரிடம் முகவரி வாங்கிக்கொண்டிருந்தன. முதல் இரண்டு வாரம் பெட்டிகளைத் தனித் தீவாக வையுங்கள்.

7. பெட்டியிலேயே செய்ய வேண்டியவை

இந்தப் பகுதிக்குத்தான் பணம் போட்டிருக்கிறீர்கள், நிதானமாகச் செய்யுங்கள்.

முதல் நாள், ஒன்றுமே அமைக்காமல் மடிக்கணினியைச் சுவிட்சில் செருகிவிட்டு போர்ட் விளக்கை மட்டும் பாருங்கள். ஆரஞ்சு நிறத்தில் எரியும். கடிகாரத்தைப் பாருங்கள், முப்பது விநாடி ஆன பிறகே பச்சைக்கு மாறும். வலையமைப்பில் சுழல் உருவாகாமல் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ 15 விநாடி கேட்கிறது, 15 விநாடி கற்கிறது என்று புத்தகத்தில் படித்தது இதுதான். பிற்பாடு ரூட்டரில் டிஎச்சிபி போட்ட பிறகு இதையே மறுபடி செய்யுங்கள். சில சமயம் அந்த ஆரஞ்சு நேரத்தில் முகவரி கேட்டு அலுத்துப்போய் மடிக்கணினி 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தானே போட்டுக்கொள்ளும். இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் கொடுத்துவிட்டுச் செருகுங்கள், உடனே பச்சை. போர்ட்ஃபாஸ்ட் எதற்கு என்ற கேள்விக்கு அதற்குப் பிறகு நான் யோசித்ததே இல்லை.

அடுத்து 'ஷோ க்ளாக்' அடியுங்கள். 2960 ஒவ்வொரு முறை எழும்போதும் 1993 மார்ச் 1 என்றே காட்டும், உள்ளே கடிகார பேட்டரி இல்லை. லாகில் எல்லாத் தேதியும் தப்பாக இருக்கும். ரூட்டரை என்டிபி மாஸ்டராக்கி, சுவிட்சை அதனிடம் நேரம் கேட்கச் செய்யுங்கள். என்டிபி ஏன் வேண்டும் என்பது கையில் வந்துவிடும்.

பிறகு வரிசையாக: விலான், டிரங்க், ஒரே ரூட்டர் போர்ட்டில் துணை இடைமுகம் போட்டு விலான்களுக்கிடையே ரூட்டிங், இரண்டு சுவிட்சுக்கிடையே இரண்டு கேபிள் போட்டு எது தடுக்கப்படுகிறது என்று பார்ப்பது, அதே இரண்டையும் ஒரே இணைப்பாகச் சேர்த்து ஈதர்சேனலாக்குவது, போர்ட் செக்யூரிட்டி, ஏசிஎல் (எதை விடுவது, எதைத் தடுப்பது என்ற விதிப் பட்டியல்), கடைசியாக வீட்டு பிராட்பேண்டோடு இணைத்து என்ஏடி (உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றுவது). ஈதர்சேனலில் ஒரு பக்கம் எல்ஏசிபி, மறுபக்கம் பிஏஜிபி என்று இரு வேறு முறைகளை வேண்டுமென்றே தப்பாகப் போட்டுப் பாருங்கள். சேராது. ஏன் சேரவில்லை என்று 'ஷோ' கட்டளைகளிலேயே கண்டுபிடிக்கும் பழக்கம் தேர்விலும் உதவும், வேலையிலும் உதவும்.

எஸ்எஸ்எச் போடும்போது ஒரு தடை வரும். எல்லாம் சரியாக அமைத்திருப்பீர்கள். ஆனால் புதிய மடிக்கணினியின் எஸ்எஸ்எச், சாவி பரிமாற்ற முறை பொருந்தவில்லை என்று மறுக்கும். தவறு உங்களுடையதல்ல. பெட்டி பேசும் பழைய குறியாக்க முறைகளைப் புதிய மென்பொருள் பாதுகாப்புக்காக நிறுத்திவிட்டது. புட்டியில் எச்சரிக்கை காட்டிவிட்டு உள்ளே விடும். பயிற்சிக்கு அது போதும்.

சுவிட்சில் ஐபிவி6 கட்டளைகள் காணவில்லை என்றால் எஸ்டிஎம் டெம்ப்ளேட்டை (சுவிட்சின் நினைவகப் பங்கீட்டை) இரட்டை ஐபிவி4-ஐபிவி6 என்று மாற்றி ரீலோட் செய்யுங்கள்.

8. பெட்டியால் முடியாதவை

வயர்லெஸ் கன்ட்ரோலர் திரை, மூன்று நான்கு ரூட்டர் வைத்த ஓஎஸ்பிஎஃப் ரூட்டிங், ஆட்டோமேஷன் ஆகியவற்றுக்குப் பெட்டி வாங்கக் கிளம்பினால் பணம் கரையும். பேக்கெட் ட்ரேசர் இலவசம், சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் கணக்கு தொடங்கினால் கிடைக்கும். ஓஎஸ்பிஎஃப், வயர்லெஸ் இரண்டுக்கும் அது போதும். அசல் ஐஓஎஸ் வேண்டும் என்றால் சிஸ்கோ மாடலிங் லேப்ஸில் ஐந்து நோட் (சாதனம்) வரை இலவசப் பதிப்பு உண்டு. ஆட்டோமேஷனுக்கு ஜேசன், ரெஸ்ட் ஏபிஐ, ஆன்சிபிள், டெராஃபார்ம் பற்றிப் படித்துப் புரிந்துகொண்டால் போதும்.

9. எவ்வளவு நாள்

தினம் ஒன்றரை மணி நேரம், வார விடுமுறையில் நான்கு மணி நேரம் என்றால் நான்கு முதல் ஐந்து மாதம். முதல் மாதம் சப்நெட்டிங்கும் (முகவரித் தொகுதியைச் சிறு வலையமைப்புகளாகப் பிரிப்பது) அடிப்படையும். பெட்டியை இன்னும் வாங்க வேண்டாம். இரண்டாம் மாதம் பெட்டிகளோடு சுவிட்சிங். மூன்றாம் மாதம் ரூட்டிங், சேவைகள். நான்காம் மாதம் பாதுகாப்பு, வயர்லெஸ், ஆட்டோமேஷன். மிச்சம் மாதிரித் தேர்வுகளுக்கு. பெட்டியை முதல் மாதமே வாங்கினால் கேபிள் போடுவதிலேயே நாள் போகும், சப்நெட்டிங் நகராது.

10. பதிவு: பெயரைச் சரிபாருங்கள்

தேர்வை பியர்சன் வியூ நடத்துகிறது. சிஸ்கோ கணக்கில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். தமிழர்களுக்கு இது தனித் தலைவலி. பள்ளிச் சான்றிதழில் ஒற்றை இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து கடைசிப் பெயராகியிருக்கும். ஓட்டுநர் உரிமத்தில் இனிஷியல் பின்னால் போயிருக்கும். நான் கணக்கு தொடங்கும்போது இனிஷியலோடு பதிந்துவிட்டேன், கையில் இருந்ததோ பாஸ்போர்ட். அதை மாற்றச் சொல்லி எழுதி, ஆவணம் அனுப்பி, பதில் வர ஒன்பது நாள் ஆனது. எந்த அட்டையைக் கொண்டுபோகப் போகிறீர்களோ அதை முன்னால் வைத்துக்கொண்டு, எழுத்துக்கு எழுத்து பார்த்துக் கணக்கைத் தொடங்குங்கள். பாஸ்போர்ட் இருந்தால் அதுவே நல்லது. இரண்டு அசல் அட்டைகளை எடுத்துப் போங்கள். நகலோ கைபேசியில் உள்ள படமோ செல்லாது.

தேதியை ஒரு மாதம் முன்பே எடுங்கள். மாற்ற வேண்டுமென்றால் குறைந்தது ஒரு முழு நாள் முன்னால் மாற்றிவிடுங்கள். வீட்டிலிருந்தே எழுதும் வசதியும் இருக்கிறது. ஆனால் மின்வெட்டும் வாசல் மணியும் உள்ள வீட்டில் முப்பதாயிரத்தைப் பணயம் வைக்க எனக்கு மனம் வரவில்லை. மையத்துக்கே போனேன்.

11. தேர்வு அறையில்

மொத்தம் 120 நிமிடம். ஒரு கேள்வியைக் கடந்துவிட்டால் திரும்பி வர முடியாது. கட்டளை அடிக்கும் லேப் கேள்விகள் வரும், அவற்றுக்கு நேரம் பிடிக்கும். மற்றக் கேள்விகளில் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள். லேபில் அமைப்பைச் சேமிக்கச் சொல்லியிருந்தால் சேமித்துவிட்டே நகருங்கள். பெட்டியில் பழகிய விரல்களுக்கு இது இயல்பாக வரும்.

தேறவில்லை என்றால் ஐந்து நாள் காத்திருந்து மறுபடி எழுதலாம், கட்டணம் மறுபடி முழுசாக. தேறினால் சான்றிதழ் மூன்று ஆண்டு செல்லும்.

12. பெட்டிகளை விற்கும்போது

தேர்வு முடிந்ததும் விற்றுவிடுங்கள். வைத்திருந்தால் மதிப்பு குறையத்தான் செய்யும். விற்கும் முன் ஸ்டார்ட்அப் கான்ஃபிக், விலான்.டாட் இரண்டையும் அழித்து, ரெஜிஸ்டர் 2102-இல் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் வீட்டு வலையமைப்பின் விவரங்களும் அதில் இருக்கும். 'ஷோ வெர்ஷன்' திரையைப் படமெடுத்து விளம்பரத்தில் போட்டால் வாங்குகிறவருக்கு ஐஓஎஸ் பற்றிய சந்தேகம் இருக்காது. நான் மூன்றையும் கல்லூரி இறுதியாண்டு படிக்கும் ஒரு தம்பிக்கு 7,000 ரூபாய்க்குக் கொடுத்தேன். என் வீட்டு மேசையிலேயே கன்சோல் போட்டு, பத்து நிமிடம் எல்லாப் போர்ட்டும் பார்த்துவிட்டுத்தான் எடுத்துப் போனான். கன்சோல் கேபிளை மட்டும் நான் வைத்துக்கொண்டேன். வேலையில் தினம் தேவைப்படுகிறது.